ஜிப்ஸிக்கு வைத்த பின்கண்

மோதி பாக்கில் அந்த வரிசை குவார்ட்டர்ஸில் யார் வண்டியைப் பின்னால் எடுத்தாலும் முதலில் லீலாவதியைத்தான் கூப்பிடுவார்கள். "ஆன்ட்டிஜி, ஸரா தேக் லீஜியே" என்று, கொஞ்சம் பாருங்களேன் என ஒரு குரல் வந்தால் போதும். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து வண்டிக்குப் பின்னால் நிற்பாள். "ஆனே தோ, ஆனே தோ... தோடா லெஃப்ட் காட்டோ... ஆனே தோ... பஸ்!" வரட்டும் வரட்டும், கொஞ்சம் இடது பக்கம் ஒடி என்று அர்த்தம். அந்தப் 'பஸ்'ஸுக்கு, அதாவது 'போதும்' என்பதற்கு, வண்டி நின்றே தீர வேண்டும். அதை மதிக்காமல் இன்னும் ஒரு சாண் வந்தவர்கள், பின்விளக்கு உடைந்த கதையைத் தாங்களே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

இத்தனைக்கும் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட ஏறியதில்லை.

ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. பரீட்சை எழுதி, மத்திய சர்க்காரில் கிளார்க் வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு தனியாக ரயிலேறி தில்லிக்கு வந்தபோது இந்தியில் அவளுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு அறையில் நாலு பெண்களோடு தங்கி, பஸ்ஸில் தொங்கி, ஆபீஸுக்குப் போய்வந்து, ஊரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆனதும் புருஷன் இருக்கும் இடத்துக்குப் போவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். புருஷன் பூவராகவனோ ராணுவத்தில் டிரைவர்-மெக்கானிக். பட்டான்கோட், ஜெய்சல்மேர், தேஜ்பூர் என்று அவர் இருக்கும் இடம் அவருக்கே நிலையில்லை. அதனால் தில்லியில் குவார்ட்டர்ஸ் வாங்கி, காஸ் கனெக்‌ஷன் வாங்கி, மகள் உஷாராணியைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, குழாய் ரிப்பேருக்கு ஆள் பிடித்து, எல்லாம் லீலாவதிதான் செய்தாள். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வரும் பூவராகவன் விருந்தாளியைப் போல வந்து, பூரி தின்று, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தியா கேட்டைச் சுற்றிவிட்டுப் போவார்.

பிறகு அவர் ரிட்டையர் ஆகி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வண்டிகளை மேற்பார்க்கும் வேலையும் கிடைத்தது. வீட்டில்தான் அவருக்கு இடம் பிடிபடவில்லை. டீத்தூள் எந்த டப்பாவில் என்று தெரியாது. பால்காரன் பெயர் தெரியாது. குவார்ட்டர்ஸே மனைவியின் பெயரில். கதவில் அவள் பெயர்ப் பலகை. யாராவது வந்து, "மேடம் இருக்காங்களா?" என்று அவரிடமே கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜிப்ஸியை எடுத்துவந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ராணுவப் பச்சை மற்றவர்களுக்கு ஆகாது என்பதால் வேறு வர்ணம் அடிக்க வேண்டியிருந்தது. அவர் கேட்டது மெரூன். பெயின்டர் அடித்துக் கொடுத்தது வெங்காயச் சருகு நிறம். ஆனாலும் அவருக்கு அது ராஜரதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் குளிப்பாட்டித் துடைப்பார். லீலாவதி பார்த்துக்கொண்டிருப்பாள். வீடு முழுக்கத்தான் என் கையில் இருக்கிறது, வண்டியாவது அவர் கையில் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவள் கேட்காததற்கு அதுதான் காரணம். ஆசை இல்லாமல் இல்லை.

ஜிப்ஸிக்கு மேலே கித்தான் கூரை. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் வெயிலில் பழுத்து, மஞ்சள் பூத்து, வெங்காய சாம்பார் மாதிரி கலங்கிக் கிடந்தது. அதற்கும் மேல் ஸ்டெப்னி சக்கரத்தைப் பின்கதவிலேயே தொங்கவிட்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் யானை நின்றாலும் தெரியாது. ஆகவே லீலாவதி நின்றாள். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது நின்றாள், சாயங்காலம் வந்து நிறுத்தும்போது நின்றாள். தில்லி ஜனவரியில், எதிரே இருப்பவர் முகமே தெரியாத மூடுபனியில், புகைக்குழாய் நேராக முகத்தில் ஊத, இருமிக்கொண்டே "ஆனே தோ" சொன்னாள். பார்த்த அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டிகளுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

2008ஆம் வருஷம் பிறந்த வாரம், குர்கானில் வேலை பார்க்கும் உஷாராணி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். அப்பா முன்னால் வைத்தாள்.

"என்னா இது?"

"ரிவர்ஸ் கேமராப்பா. பின்னாடி கேமரா, முன்னாடி குட்டி ஸ்கிரீன். ரிவர்ஸ் கியர் போட்டா தன்னால ஆன் ஆயிடும். பின்னாடி இருக்கறது எல்லாம் தெரியும்."

பூவராகவன் பெட்டியைத் தொடவில்லை. "எனக்கு எதுக்குடி கேமரா? உங்கம்மா இருக்கா இல்ல?"

"அம்மா என்ன ரோட்ல நட்டு வச்ச கம்பமா? எப்ப ஃபோன் பண்ணாலும் கான்ஸி. இருமிக்கிட்டே பேசறாங்க. அந்தப் புகைதான்."

"மிலிட்டரில இமயமலை மேலயே ரிவர்ஸ் எடுத்திருக்கறன். அங்க எவன் கேமரா வச்சான்?"

"அங்க பின்னாடி ஒரு ஜவான் நின்னான் இல்லப்பா? அவனுக்கு சம்பளம் கொடுத்தாங்க."

லீலாவதி சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு காபியோடு வந்து, யாரையும் பார்க்காமல், "பொண்ணு ஆசையா வாங்கியாந்துருக்குது. மாட்டித்தான் பாருங்களேன்" என்றாள்.

கரோல் பாக்கில் கொடுத்தால் அரைமணியில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று உஷாராணி சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை. என் வண்டியை இன்னொருத்தன் தொடுவதாவது!

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் தலைகாட்டியதும், குவார்ட்டர்ஸ் முன்னால் ஒரு பழைய கம்பளி விரிந்தது. ஸ்பேனர்கள் வரிசையாக அணிவகுத்தன. பக்கத்துப் போர்ஷன் வெங்கடேஸ்வரன் பேப்பரும் கையுமாக வந்து நின்றார். கணக்குத் துறையில் அதிகாரி. எதையும் ஒரு தரம் சரிபார்க்காமல் விடமாட்டார்.

"மேனுவலைப் படிச்சேளா, பூவராகவன்?"

"மேனுவல் எழுதறவன் வேற, வண்டிக்கு அடியில படுக்கறவன் வேற சார்."

"இல்லே, எந்த வயரை எங்கே கொடுக்கணும்னு படம் போட்டிருக்கான் பாருங்கோ."

பூவராகவன் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். கேமராவிலிருந்து வரும் நீண்ட ஒயரைத் தரைவிரிப்புக்குக் கீழே செலுத்தி, சீட்டுக்கு அடியில் நுழைத்து, டாஷ்போர்டு வரை கொண்டுவந்தார். அந்த வேலை நறுவிசாகத்தான் இருந்தது. கேமராவுக்கான மின்சாரத்தைப் பின்விளக்கிலிருந்து எடுத்தார். அங்கேதான் பிசகு. எடுக்க வேண்டியது ரிவர்ஸ் விளக்கின் ஒயர். அவர் எடுத்தது இருட்டில் எரியும் சிவப்பு விளக்கின் ஒயர். இரண்டும் ஒரே கொத்தில் போகின்றன; வெயிலில் நிறம் வெளுத்தும் போயிருந்தன.

பகலில் ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்த்தால் ஸ்கிரீன் வரவில்லை. "மால் சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கைகழுவி, பொழுது சாயும் நேரத்தில் லீலாவதியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். ரிங் ரோட்டில் ஏறியதும் ஹெட்லைட்டைப் போட்டார். அவ்வளவுதான், டாஷ்போர்டில் ஸ்கிரீன் பளிச்சென்று விழித்துக்கொண்டது. அதில் ஒரு தனியார் பஸ்ஸின் முகம், இரண்டு கண்ணையும் எரியவிட்டுக்கொண்டு, நேராக அவர்கள் மேலே பாய்ந்து வந்தது.

"யம்மாடி!" என்று பூவராகவன் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜிப்ஸி நடைபாதை மேல் ஏறி, ஒரு வேர்க்கடலை வண்டிக்கு முன்னால் மரியாதையாக நின்றது. பின்னால் வந்த பஸ் தன்பாட்டுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போயிற்று.

லீலாவதி முதலில் கடலை வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாலும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தது.

"இதுல சிரிக்க என்னா இருக்குது?"

"பஸ்ஸு பின்னால வந்துச்சிங்க... நீங்க முன்னால பார்த்து ஒதுங்கறீங்க..."

அவர் முறைத்துப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் தோள் குலுங்கியது. வண்டியை ஏற்றியதற்குப் பிராயச்சித்தமாகக் கடலைக்காரரிடம் ஒரு பொட்டலம் கடலை வாங்கி, அங்கேயே இருவரும் தின்று முடித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு சரியான ஒயரைக் கண்டுபிடித்து இணைத்தார். இப்போது கியர் போட்டதும் ஸ்கிரீன் வந்தது. ஆனால் வானம் கீழேயும் தரை மேலேயுமாக இருந்தது. வேப்பமரம் தலைகீழாகத் தொங்கியது. ஸ்டெப்னி சக்கரத்துக்குக் கீழே இருந்த பட்டையில் கேமராவைக் கவிழ்த்து மாட்டினால்தான் நின்றது, அப்படியே மாட்டியிருந்தார்.

"தலகீழா தெரியுதுங்களே" என்றாள் லீலாவதி.

"பழகிடும். பின்னால இருக்கறது தெரியுது இல்ல? அது போதும்."

"இடது பக்கம் இருக்கற மரம் வலது பக்கம் தெரியுது."

"நான் மாத்தி நெனச்சிக்கறன். நீ உள்ள போ. இன்னிக்கு நீ பின்னால நிக்கக் கூடாது."

அவள் உள்ளே போகவில்லை, வாசற்படியில் நின்றாள். நாக்கு நுனியில் வந்த 'பஸ்'ஸை விழுங்கிக்கொண்டாள். பூவராகவன் மாற்றி நினைத்தார், அப்புறம் மாற்றி நினைத்ததையும் மாற்றி நினைத்தார். ஜிப்ஸி அழகாக வளைந்து போய் வெங்கடேஸ்வரன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இரும்பு ஸ்டாண்டில் குளிர்கால ஓய்வில் இருந்த கூலரின் வயிற்றில் 'டங்' என்று முட்டியது. மே மாதத்திலிருந்து உள்ளே தேங்கியிருந்த துருத்தண்ணீர் எல்லாம் ஸ்டெப்னி மேல் அபிஷேகம் ஆயிற்று.

வெங்கடேஸ்வரன் வெளியே வந்தார். கூலரைப் பார்த்தார். ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "படம் ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். பூவராகவனுக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் தானே போய்க் கூலரைக் கழற்றி, குழி விழுந்த தகட்டைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, புதுசாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். மீந்திருந்த வெங்காயச் சருகு நிறம்தான். மறுநாள் வெங்கடேஸ்வரன் அதைப் பார்த்துவிட்டு, "வண்டியும் கூலரும் இப்போ ஒரே ரெஜிமென்ட் ஆயிடுத்து" என்றார்.

குடியரசு தின லீவில் மறுபடி கம்பளி விரிந்தது. டிவியில் அணிவகுப்பு முடியும் வரை பூவராகவன் அசையவில்லை. கடைசியில் விமானங்கள் கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போன பிறகு எழுந்து, "லீலா, கொஞ்சம் வா. ஒரு கை பிடிக்கணும்" என்றார். பட்டையில் புதிதாக ஓட்டை போட்டு, கேமராவை நிமிர்த்தி மாட்ட வேண்டும். ஒருவர் பட்டையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் துளை போட வேண்டும்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு, அவருடைய பழைய ஸ்வெட்டரை மேலே மாட்டிக்கொண்டு, பின்பம்பருக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில். மேலே ஆக்ஸில், கிரீஸ் வாசனை, காலில் மட்டும் குளிர்கால வெயில். தெருவில் போன பெண் ஒருத்தி குனிந்து பார்த்து, "ஆன்ட்டிஜி, சப் டீக்?" என்று, எல்லாம் சரிதானே என விசாரித்துவிட்டுப் போனாள்.

"என்னாங்க" என்றாள் லீலாவதி.

"ம்."

"இது சரியா வந்துட்டா நான் பின்னால நிக்க வேணாம் இல்ல?"

"வேணாம்."

"அப்ப நான் எங்க இருக்கறது?"

"உள்ள. எம்பக்கத்துல ஜம்முனு உக்காரு."

"எனக்கு அந்தப் பக்கம் வேணும்."

"எந்தப் பக்கம்?"

"ஸ்டியரிங் இருக்கற பக்கம்."

துளை போடும் சத்தம் நின்றது. பூவராகவன் தலையைத் திருப்ப முயன்று நெற்றியை இடித்துக்கொண்டார். "இது காரு இல்ல லீலா. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும். கிளட்ச் மிதிச்சா முட்டி எகிறிடும்."

"பஸ் கம்பியப் பிடிச்சித் தொங்கின கைதான் இது. ஸ்டியரிங்க திருப்பாதா?"

அவர் துளை போட்டு முடித்தார். திருகை முடுக்கினார். பிறகு, மேலே ஆக்ஸிலைப் பார்த்தபடியே, "இத்தினி வருஷத்துல ஒரு தடவ கூட கேக்கலயே நீ" என்றார்.

"உங்களுக்குன்னு இது ஒண்ணுதான் இருந்துச்சி. அதான் கேக்கல."

பூவராகவன் ஊர்ந்து வெளியே போய், வீட்டிலிருந்து சோபா மெத்தையைக் கொண்டுவந்து டிரைவர் சீட்டில் போட்டார். லீலாவதி குள்ளம். மெத்தை இல்லாமல் உட்கார்ந்தால் அவளுக்குப் பானட் மட்டும்தான் தெரியும்.

கிளட்ச் எது, பிரேக் எது, எப்படி மெல்ல விடுவது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு ரிவர்ஸில் போடச் சொன்னார். அன்று வண்டி வெங்கடேஸ்வரனின் கூலரைப் பார்த்து நின்றதால் பின்னால் போவதே பத்திரம் என்று அவருக்குப் பட்டது.

ஸ்கிரீன் வெளிச்சம் போட்டது. வானம் மேலே, தரை கீழே. வேப்பமரம் இடது பக்கம். சாக்கடை மூடி, ஓரத்துச் செங்கல் வரிசை, தபால்காரர் சைக்கிள் சாத்தும் கம்பம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வருஷக்கணக்காகத் தான் நின்ற இடத்தைத்தான் பார்க்கிறோம் என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அந்த இடத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவள் காலுக்குத் தெரியும். ஜிப்ஸியின் பின்பக்கம் எந்த வளைவில் எவ்வளவு விலகும் என்பது கண்ணுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை எப்போது ஒடிக்க வேண்டும், எப்போது நேராக்க வேண்டும் என்று இத்தனை நாள் ஊருக்கெல்லாம் கத்தியவள் அவள்தானே. இப்போது தனக்குத் தானே வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். லெஃப்ட் காட்டோ. ஆனே தோ. சீதா கரோ.

ஜிப்ஸி ஒரு உதறல் உதறிவிட்டு, மெதுவாகப் பின்னால் போயிற்று. வேப்பமரத்தை ஒட்டி வளைந்தது. செங்கல் வரிசைக்கு ஒரு முழம் தள்ளி, கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. அந்த இடத்தில் அவ்வளவு நேராக அந்த வண்டி அதுவரை நின்றதில்லை.

பூவராகவன் இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னொரு வாட்டி எடு" என்றார். எடுத்தாள். "இன்னொரு வாட்டி." எடுத்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வெங்கடேஸ்வரன் பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்து, கூலருக்கு முன்னால் காவலாக நின்று பார்த்தார்.

"சரி, இப்ப முன்னால வா" என்றார் பூவராகவன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். முன்னால் போவது அவளுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பின்னால் போனால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. முன்னால் போனால் எல்லாமே அவளை நோக்கி வந்தது. நாய் வந்தது, ஆட்டோ வந்தது, மரம்கூட வந்தது. வண்டி அணைந்து அணைந்து போயிற்று. தில்லியில் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொண்ட பிறகு நேராக ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

ஞாயிறு காலைகளில், தூதரகங்கள் இருக்கும் அகலத் தெருக்களில் பழகினாள். பூவராகவன் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலி கண்டார். "ஹார்ன் அடி! இது தில்லி, ஹார்ன் அடிக்கலன்னா மனுஷனா மதிக்க மாட்டான்" என்று கத்துவார். அவள் ஹார்ன் அடிப்பதற்குப் பதில் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பையா, ஸரா ஸைட்!" என்பாள். குரலுக்கு எல்லோரும் ஒதுங்கினார்கள்.

லைசென்ஸ் சோதனைக்குப் போன நாள் நல்ல வெயில். முன்னால் ஓட்டச் சொன்னபோது இரண்டு தரம் வண்டி அணைந்தது. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னவர், ஸ்கிரீன் ஒளிர்ந்ததும், இது சரிப்படாது, அதை மூடுங்கள் என்றார். லீலாவதி கைக்குட்டையை எடுத்து ஸ்கிரீன் மேல் போட்டாள். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து, தலையை நீட்டி, வளைந்த கோடு முழுவதும் ஒரே இழுப்பில் பின்னாலேயே போய் நின்றாள். இன்ஸ்பெக்டர் கோட்டைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். இவ்வளவு நாள் எங்கே ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஓட்டவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தேன் என்று அவள் சொன்னாள். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோடை முடிவதற்குள் லீலாவதி பூவராகவனை அவர் ஆபீஸில் இறக்கிவிட்டு, ஜிப்ஸியிலேயே தன் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தாள். செயலக வளாகத்தில் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு அம்பாசடர்களுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. யாரும் அதை இடமாகவே நினைக்கவில்லை. அதிகாரிகளின் டிரைவர்கள் மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு ஜிப்ஸி வந்து, தயங்காமல், பின்பக்கமாக அந்தச் சந்துக்குள் நுழைந்து நின்றது. அதிலிருந்து சோபா மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிபன் டப்பாவோடு ஒரு அம்மாள் இறங்கினாள். சீட்டு கீழே வைக்கப்பட்டது. ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சந்து அவளுடையது. வேறு யாரும் கேட்கவில்லை. வேறு யாராலும் உள்ளே விட முடியவில்லை என்பதும் உண்மை.

செக்‌ஷனில் அடுத்த நாற்காலி அனந்தலக்ஷ்மிக்கு. தஞ்சாவூர்க்காரி, கோல் மார்க்கெட்டில் இருந்தாள். போகிற வழி இல்லாவிட்டாலும் லீலாவதி அவளையும் ஏற்றிக்கொள்வாள். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது அனந்தலக்ஷ்மி சொன்னாள்: "ஏண்டி லீலா, இவ்வளவு வருஷமா வடக்கே இருக்கேன். பனியை ஃப்ரிட்ஜுக்குள்ளேதான் பார்த்திருக்கேன். ஊருக்குப் போனா எல்லாரும் கேக்கறா. வெக்கமா இருக்கு."

"அதுக்கென்னா, போயிட்டாப் போச்சி."

"யார் அழைச்சுண்டு போவா?"

"ஏன், இது நாலு சக்கரமும் இழுக்கற வண்டிதானே?"

அடுத்த பிப்ரவரியில் போனார்கள். லீலாவதி ஓட்டினாள், அனந்தலக்ஷ்மி முன்சீட்டில், பூவராகவன் பின்னால் பெட்டி படுக்கைகளோடு. சக்ராதா மலையூருக்கு மேலே, தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒற்றையடியாகப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் வெள்ளை. அனந்தலக்ஷ்மி ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒரு வளைவில் திரும்பியதும் முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலத்துக்கு முன் நகராது என்றார்கள். மேலே பனி மறுபடி தூவ ஆரம்பித்துவிட்டது. வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அகலமான வளைவு வரை பின்னாலேயே இறங்கியாக வேண்டும்.

பூவராகவன் முன்னால் எட்டி, "நான் எடுக்கட்டுமா?" என்றார். லீலாவதி ஸ்கிரீனைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். "நானே எடுக்கறன்" என்று சொல்லி நாலு சக்கரத்துக்கு மாற்றும் சின்ன லீவரை இழுத்தாள்.

பாதிதூரம் கூடப் போகவில்லை, சக்கரம் வாரியடித்த சேற்றுப்பனி கேமராவை மூடிவிட்டது. ஸ்கிரீன் முழுக்க வெறும் வெள்ளை. பூவராகவன் உடனே குதித்து இறங்கி, பின்னால் போய், கையை ஆட்டினார். "வா! வா வா! நில்லு! இல்ல வா! அந்தப் பக்கம்... எந்தப் பக்கம்னா... நில்லு!"

"என்னடி சொல்றார் உங்காத்துக்காரர்?" என்று அனந்தலக்ஷ்மி சீட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கே தெரியாது" என்றாள் லீலாவதி. தலையை வெளியே நீட்டினாள். "என்னாங்க! நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தக் கேமராவ மட்டும் தொடச்சி வுட்டுக்கிட்டே வாங்க!"

அவர் மப்ளரை அவிழ்த்தார். வண்டி கொஞ்சம் நகரும், அவர் துடைப்பார், நகரும், துடைப்பார். ஸ்கிரீனில் ஒருமுறை ரோடு வந்தது, ஒருமுறை பனி வந்தது, ஒருமுறை பெரிதாக அவருடைய கட்டைவிரல் வந்தது. ஸ்டியரிங் உண்மையிலேயே கல்லாகத்தான் இருந்தது. பள்ளத்துப் பக்கம் ஒரு சாண் கூடப் போகாமல், பாறையை உரசாமல், வளைவுக்கு வந்து வண்டியைத் திருப்பி நிறுத்தியபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. இஞ்சினை அணைத்தாள். பூவராகவன் பனியிலே நடந்து வந்து, கதவைத் திறந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மிலிட்டரில இருந்திருந்தா உனக்கு மெடல் கொடுத்திருப்பான்" என்றார். அவருடைய காதெல்லாம் சிவந்திருந்தது.

கீழே ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். சுடச்சுட ரொட்டியும் ராஜ்மாவும் தின்றார்கள். பூவராகவன் ஈர மப்ளரைச் சூடான பானட் மேல் காயப்போட்டார்.

"இனிமே இறக்கம்தான். நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டார்.

"ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தாள். "வர்ற வழியில நான் மலையவே பாக்கல."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு, மரங்களையும் பள்ளத்தாக்கையும் ஆசைதீரப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்சீட்டுக்கு மாறியிருந்த அனந்தலக்ஷ்மி, ஊர்க்காரர்களுக்கு ஃபோட்டோ மட்டும் போதாது என்று, டிபன் டப்பாவைக் கழுவி அதில் பனியை அடைத்து மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் மூடியைத் திறந்து, "இன்னும் இருக்குடி, இன்னும் இருக்கு" என்று அறிவித்துக்கொண்டு வந்தாள்.